படுக்கையில் இருக்கும் பெரியவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருவது எப்படி? டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பிருந்து இரண்டாம் வாரம் வரை

இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம், நீண்ட காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை. எதுவாக இருந்தாலும் ஒரு மாலையில் டாக்டர் வந்து "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். அதன்பிறகு கட்டில் தேடி, ஆள் தேடி, மருந்து வாங்கி முடிப்பதற்குள் பெரியவர் வீட்டு வாசலில் ஸ்ட்ரெச்சரில் இருப்பார். முதல் இரண்டு வாரத்தில் வரும் சிக்கல்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: மருந்து மாறிப்போவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவது, படுக்கைப் புண், புரையேறி நெஞ்சுச் சளி. நான்கையும் பெரும்பாலும் தடுக்கலாம். ஆனால் அந்த வேலை அவர் வீட்டுக்கு வருமுன்பே தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தேதியை நீங்களே கேட்டு வாங்குங்கள்

டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிலைமை தேறத் தொடங்கியதும் "எந்த நாளை எதிர்பார்க்கலாம்?" என்று கேளுங்கள். உத்தேசமான தேதி போதும். கட்டிலுக்கும் ஆளுக்கும் குறைந்தது மூன்று நாள் தேவை.

கேட்கும்போதே காலை நேரமாகக் கேளுங்கள். விடுமுறைக்கு முந்தைய மாலையில் வீடு திரும்பினால், இரவு ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது. எழுதிக் கொடுத்த மருந்து கடையில் இல்லாவிட்டால் இரண்டு நாள் இழுக்கும்.

அந்த மூன்று நாளில் பிசியோதெரபிஸ்ட்டைப் பிடித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தானாக எழுந்து உட்கார முடிகிறதா? நாற்காலிக்கு மாற்ற ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? காலில் எவ்வளவு பாரம் தரலாம்? வீட்டுக்கு எந்தச் சாமான் வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதையெல்லாம் இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும்.

பிறகு நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கையாலேயே எல்லாவற்றையும் இரண்டு முறையாவது செய்யுங்கள்: புரட்டிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது, யூரின் பேகைக் காலி செய்வது, குழாய் வழியாக உணவு கொடுப்பது, ஊசி போடுவது. பார்ப்பது வேறு, செய்வது வேறு. முதல் தவறை அங்கேயே செய்துவிட்டால் பக்கத்தில் திருத்த ஆள் இருக்கும். அனுமதி கேட்டுக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். இரவில் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளுக்கும் அது உதவும்.

வீடு தயாராகவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போடக் கேட்பதில் தவறில்லை.

2. வாசலைத் தாண்டுமுன் காகிதங்களைப் படியுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயது, எந்தப் பக்கத்துக் கால், ஒவ்வாமை எல்லாம் சரியாக இருக்கிறதா? என்ன நோய், என்ன செய்தார்கள், மருந்து எவை, தையல் எந்த நாளில் பிரிக்க வேண்டும், அடுத்த பரிசோதனை என்றைக்கு, யாரிடம்? "தேவைக்கேற்ப" என்று எழுதியிருந்தால், எந்தத் தேவை, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் ஒன்று, இன்னும் வராத ரிசல்ட். சிறுநீர், ரத்தம், சளி ஆகியவற்றில் எடுத்த கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்; திசுப் பரிசோதனைக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்த முடிவு வரும். யாரும் கூப்பிட்டுச் சொல்லாமலும் போகலாம். இப்போது கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று அதில் இருக்கக்கூடும். "எந்த ரிசல்ட் பாக்கி? எந்த நாளில், யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையோடு வாங்க வேண்டியவை: ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள் (அறிக்கை மட்டும் போதாது), கடைசி ரத்தப் பரிசோதனை, இசிஜி, கதீட்டரோ (சிறுநீர்க் குழாய்) மூக்குக் குழாயோ (உணவு கொடுக்கும் குழாய்) போட்ட தேதியும் அதன் வகையும். உடலுக்குள் பிளேட், செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை அல்லது ஸ்டிக்கர் முக்கியம். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

காப்பீடு இருந்தால் விவரமான பில், கட்டிய ரசீதுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் அசலாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகான செலவை எத்தனை நாள்வரை கேட்கலாம், எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பாலிசியில் பார்த்து, காலண்டரில் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே குறித்து வையுங்கள். கட்டில், சக்கர நாற்காலி, வீட்டு நர்ஸ் போன்ற செலவுகளுக்கு டாக்டரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை கேட்கப்படலாம். அதை அன்றே வாங்குவது எளிது. பிறகு அலைச்சல்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கையெழுத்து, அதிகாரப் பத்திரம், "என்னால் சொல்ல முடியாதபோது சிகிச்சை பற்றி யார் முடிவெடுக்க வேண்டும்" என்பது மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். மறதி நோய் முற்றிய பிறகு அவர் போடும் கையெழுத்து செல்லாமல் போகலாம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும்; ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்.

3. மருந்துப் பட்டியல்: பழையதும் புதியதும்

வீட்டில் அலமாரியில் பழைய மாத்திரைகள் இருக்கும். கையில் புதிய சீட்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடுவதுதான் ஆபத்து. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்த்தால் தெரியாது, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை இப்படி இரட்டிப்பாகி, எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுபவர்கள் உண்டு.

ஒரு தாளை நான்கு கட்டமாக மடித்து, டாக்டரையோ மருந்தாளரையோ உடன் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்: தொடர்வது, அளவு மாறியது, புதியது, நிறுத்தியது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் மறுபடி கேளுங்கள். நிறுத்திய மாத்திரைகளை அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாள் கணக்குள்ள மருந்துகளுக்கு முடியும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து பொதுவாக 28 முதல் 35 நாள். ஒரு வாரத்தில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு, மாதக்கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. இரண்டுமே கெடுதல்.

சில விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வீட்டுக்கு வந்ததும் சரியாகச் சாப்பிடமாட்டார். மருத்துவமனையில் இருந்த அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அளவு 70க்குக் கீழே (மி.கி./டெ.லி. கணக்கில்) போனால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்; விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "பாதிதான் சாப்பிட்டார் என்றால் மருந்தை என்ன செய்வது?" என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று பெயரின் பின்னால் இருக்கும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. நாள் முழுதும் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். மூக்குக் குழாய் இருந்தால், திரவமாகவோ வேறு வகையிலோ மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. தூக்கத்துக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்தைப் பாதிக்கும். இவற்றை நீங்களாக வாங்காதீர்கள்.

ஏழு நாளுக்கும் கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை ஒரே ஆள் நிரப்பட்டும். கொடுத்தவுடன் நோட்டில் டிக் போட வேண்டும். "நீ கொடுத்துட்டியா?" என்ற கேள்வியே எழக் கூடாது.

4. அறை, கட்டில், கழிப்பறை

மாடி வேண்டாம். கழிப்பறைக்கு அருகில் உள்ள கீழ்த்தள அறை, காற்றும் பகல் வெளிச்சமும் இருந்தால் நல்லது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்டால் புரட்டும்போது உங்கள் இடுப்பு போய்விடும்.

எழுந்து உட்காரக்கூடியவர் என்றால் கட்டிலின் உயரத்தைப் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிந்து முழங்கால் நேர்கோணத்தில் மடிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. வரும். முற்றிலும் படுக்கையில் இருப்பவருக்கு, பார்த்துக்கொள்பவரின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய கட்டில்தான் சரி. தலைப்பக்கம் உயர்த்தும் வசதி கண்டிப்பாக வேண்டும்.

பக்கக் கம்பி போட்டால் விழமாட்டார் என்று நினைக்காதீர்கள். குழப்பத்தில் இருப்பவர் அதன் மேலேறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் 12 செ.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் தலை சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குக் கட்டிலை முடிந்த அளவு தாழ்த்தி, பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போடுவதே பாதுகாப்பு.

சக்கர நாற்காலி போக, கதவு 80 செ.மீ. அகலமாவது திறக்க வேண்டும். வாங்குமுன் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கதவு குறுகலாக இருந்தால், கட்டிலருகே கமோடு நாற்காலி. கழிப்பறையில் பிடிமானக் கம்பியைச் சுவருக்குள் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்துங்கள். டவல் மாட்டும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது, பிடித்தால் கையோடு வந்துவிடும். தரையில் கிடக்கும் மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு எரியட்டும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணி.

5. செலவுக் கணக்கு

மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். ஒருமுறைச் செலவு: கட்டில், மெத்தை, கமோடு நாற்காலி, வாக்கர், பிடிமானக் கம்பிகள், ஆம்புலன்ஸ். மாதச் செலவு: உதவியாளர் சம்பளம், மருந்து, டயப்பர், கையுறை, பிசியோ, பரிசோதனைகள். மூன்றாவது, யாரும் எழுதாதது: மின்சாரம், துவைப்பு, உதவியாளர் வராத நாளில் வைக்கும் மாற்று ஆள், நீங்கள் வேலைக்குப் போகாமல் இழக்கும் சம்பளம். மூன்றாவது பத்தியை எழுதாததால்தான் இரண்டாம் மாதத்தில் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வருகிறது. யார் எதைக் கொடுப்பது என்பதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள்.

டயப்பர் நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 150. முதலிலேயே மொத்தமாக வாங்காதீர்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து ஒரே ஒரு பாக்கெட் வாங்கி, தொடையில் கசிகிறதா, தோல் சிவக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கட்டிலுக்கு ஒரு எளிய கணக்கு: விலையை மாத வாடகையால் வகுங்கள். எட்டு வந்தால், எட்டு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்றால்தான் வாங்குவது லாபம். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு வாடகையே போதும். வாடகைக்கு எடுக்கும்போது முன்பணம் எவ்வளவு, திருப்பித் தரும் நிபந்தனை என்ன, மோட்டார் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். பழைய கீறல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது.

6. ஆள் வைப்பது

நர்ஸ் வேறு, உதவியாளர் வேறு. ஊசி, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாய் மாற்றுவது எல்லாம் பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டுவது, டயப்பர் மாற்றுவது உதவியாளர் செய்யலாம். நர்ஸ் என்று சொல்லி உதவியாளரை அனுப்புவது சகஜம். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு முழுநேர நர்ஸ் தேவைப்படாது: முழுநேர உதவியாளர், வாரம் இரண்டு மூன்று முறை வந்துபோகும் நர்ஸ் என்று வைத்தால் செலவு குறையும்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டுமென்றால் இரவில் 10, 12, 2, 4, 6. பகல் முழுதும் வேலை செய்த அதே ஆள் இதைச் செய்ய முடியாது. செய்வதாகச் சொல்வார், நடுஇரவில் தூங்கிவிடுவார். அது அவர் குற்றமில்லை. 24 மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்றால், இரவின் பாதியை வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் வழியாக எடுத்தால் அடையாளச் சான்று, ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், வார விடுமுறை, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா ஆகியவை எழுத்தில் வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்களும் வீட்டில் இருங்கள். அவர் பெரியவரிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, சொல்லாமல் தொடுகிறாரா என்று கவனியுங்கள். "இப்போ இந்தப் பக்கம் திருப்பப்போறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுத் திருப்பும் ஆளை விட்டுவிடாதீர்கள்.

7. படுக்கைப் புண்: முதல் நாளிலிருந்தே

இதை மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் தடுப்பது எளிது, ஆற்றுவது மாதக்கணக்கு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்தம் போகாமல் சதை செத்துப்போவதுதான் படுக்கைப் புண். சில மணி நேரமே போதும்.

முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை: இவற்றைக் காலையிலும் இரவிலும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் முதல் கட்டம். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கூடுதல் கருமையாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வலிக்கிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள்.

பகலில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் நிமிர்த்திவிடாதீர்கள், இடுப்பெலும்பு மேல் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள், குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு தாள் தடையில்லாமல் நுழைய வேண்டும். உணவு நேரம் தவிரத் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம். உடல் கீழே வழுக்கும்போது தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபட்டு உள்ளேயே கிழிந்துவிடும். மூக்குக் குழாய் உள்ளவருக்கு மட்டும் இது பொருந்தாது, அதைக் கீழே சொல்கிறேன். மேலே நகர்த்த, தோளைப் பிடித்து இழுக்காமல், அடியில் மடித்துப் போட்ட குறுக்கு விரிப்பை இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

ஏர் பெட் (மோட்டாரால் காற்றடிக்கும் மெத்தை) வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. இரவு இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள். அதன் மேல் ஒரே ஒரு விரிப்பு, சுருக்கமில்லாமல். மூன்று விரிப்பும் ரப்பர் ஷீட்டும் போட்டால் ஏர் பெட்டின் பயனே போய்விடும். காற்று போதுமா என்று பார்க்க, அவர் படுத்திருக்கும்போது வால் எலும்புக்கு நேராக ஏர் பெட்டின் அடியில் கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும், எனவே அதன் அடியில் நல்ல ஃபோம் மெத்தை இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை: சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது (உள்ளே சேதம் கூடும்), நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பது (சுற்றி உள்ள இடத்தில் ரத்தம் தடைபடும்), பவுடரை அள்ளிக் கொட்டுவது. ஈரமான டயப்பரை உடனே மாற்றி, ஒற்றித் துடைத்து, ஈரம் தாங்கும் கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். தோல் திறந்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே நர்ஸுக்குக் காட்டுங்கள்.

புரதம் குறைந்தாலும் புண் வரும். உடல் தேறும் காலத்தில் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.2 கிராம் அளவாவது புரதம் தேவைப்படும். சிறுநீரக நோய் இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு மட்டும்.

8. உணவும் குழாய்களும்

வாயால் சாப்பிடுபவரை முடிந்தவரை நேராக உட்காரவைத்து, தாடை சற்றுக் குனிந்த நிலையில், சிறு கரண்டியில் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். முடிந்த பிறகும் 30 நிமிடம் அப்படியே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமுவது, குரல் தண்ணீரில் நனைந்தது போல் கரகரப்பது, கன்னத்தில் உணவு தங்குவது ஆகியவை புரையேறுவதன் அறிகுறிகள். இருமாமலே புரையேறுவதும் உண்டு. காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாயைத் தினம் இரண்டு முறை சுத்தம் செய்வதும், பல்செட்டை இரவில் கழற்றி வைப்பதும் நெஞ்சுச் சளியைக் குறைக்கும். வாயால் சாப்பிடாதவருக்கும் இது அவசியம்.

மூக்குக் குழாய் இருந்தால், மூக்கின் ஓரத்தில் குழாய் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். உணவை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விடுங்கள். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்னும் பின்னும் 30 மி.லி. அளவு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். தண்ணீருக்குக் கட்டுப்பாடு உள்ளவர் என்றால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். குழாயைத் தொடையில் ஒட்டி வையுங்கள். புரட்டும்போது இழுபட்டால் உள்ளே காயமாகும். நாலு மணி நேரமாக வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, உடலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகும் வராவிட்டால் உடனே கூப்பிடுங்கள். முழு சிலிகான் கதீட்டர் 12 வாரம்வரை தாங்கும், சாதாரண லேட்டக்ஸ் அதில் பாதிகூடத் தாங்காது. டிஸ்சார்ஜில் வகையை எழுதி வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

9. எழுப்பி உட்காரவைப்பது

டாக்டர் தடை சொல்லாவிட்டால் நாளைக்கு மூன்று முறையாவது கட்டிலைவிட்டு நாற்காலிக்கு மாற்றுங்கள். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை கரையும். படுத்தவரை நேரே நிற்கவைக்காதீர்கள்: முதலில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

அக்குளில் கைவிட்டுத் தூக்க வேண்டாம். பக்கவாதம் வந்த கையை இழுத்தால் தோள் கழன்றுவிடும். இடுப்பில் கட்டும் பிடிபெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, கால்தட்டுகளை மேலே தூக்கிவிட்ட பிறகே மாற்றுங்கள். வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். ஊன்றுகோல் நல்ல காலின் பக்கக் கையில். செயற்கை இடுப்பு மூட்டு வைத்தவர் எவ்வளவு குனியலாம், கால்மேல் கால் போடலாமா என்பதை அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

திடீர்க் குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் பேசினால், அல்லது எழுப்ப முடியாத அளவு தூங்கினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீர் வற்றியது, புதிய மருந்து என்று அதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி: உடனே ஆம்புலன்ஸ். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கருப்பு மலம், கதீட்டர் இல்லாதவருக்கு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல்: அன்றே டாக்டர். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர் தலையில் அடிபட விழுந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூளைக்குள் கசிவு மெதுவாகத் தெரியவரும்.

11. முதல் மறுபரிசோதனை

வழக்கமாக ஏழு முதல் பதினான்கு நாளுக்குள். நோட்டைக் கொண்டுபோங்கள்: மருந்து டிக், ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் அளவு, மலம் போன நாள்கள், எவ்வளவு சாப்பிட்டார். எல்லாக் காகிதங்களும் ஒரே கோப்பில். அவரைக் கூட்டிச்செல்ல முடியாவிட்டால் வீடியோவில் பார்ப்பார்களா, வீட்டுக்கு வருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "எதை நிறுத்தலாம்?" கதீட்டரை எடுத்துவிட முடியுமா? குழாயை எடுத்து வாயால் கொடுத்துப் பார்க்கலாமா? மருத்துவமனையில் தூக்கத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் தொடங்கிய மாத்திரைகள் இன்னும் வேண்டுமா? யாரும் கேட்காததால் மாதக்கணக்கில் தொடரும் கதீட்டர்கள் உண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு. கட்டில் இனி தேவையில்லை என்று முடிவானால் வாடகைக்காரருக்கு அன்றே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். சொன்ன நாளிலிருந்தா, எடுத்துப்போன நாளிலிருந்தா வாடகை நிற்கும் என்பது ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும்.